ஓர் ஏரிக்கு இரண்டு கோடுகள்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து இரண்டு இளம் என்ஜினியர்கள் ட்ரோனோடு உத்திரமேரூருக்கு வந்தார்கள். ஏரிக்கரையில் பெட்டியைத் திறந்தார்கள், ட்ரோனைப் பறக்கவிட்டார்கள், இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம், இந்த ஊரில் எந்தக் கடை பிரியாணி நன்றாக இருக்கும் என்று என்னிடம் தீவிரமாக விசாரித்தார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இந்த ஏரியைச் சுற்றி அளக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. பிரியாணியைப் பற்றி நினைக்கவே நேரமில்லை.

"நீங்கள்லாம் எப்படி சார் அளந்தீங்க?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

"நடந்து" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் தமாஷ் பண்ணவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பார்த்த வேலைக்குப் பெயர் வரைதொழில் அலுவலர். பெயரைக் கேட்டால் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கோடு போடுகிறவன் என்று தோன்றும். என் மனைவியும் கல்யாணத்துக்கு முன்னால் அப்படித்தான் நம்பினாள். முதல் மழைக்காலத்தில் முழங்கால்வரை சேற்றோடு நான் வாசலில் வந்து நின்றபோது, "உங்க ஆபீசு ரோட்டு மேல கீதா, தண்ணிக்குள்ள கீதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் கால் கழுவப் போய்விட்டேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐடிஐயில் இரண்டு வருஷம் பென்சில் சீவினேன். வேலையில் சேர்ந்து மூன்று வருஷம் பழைய வரைபடங்களைப் பார்த்து அப்படியே பிரதி எடுத்தேன். நாலாவது வருஷம் ஒரு லெவல் மெஷினையும், அதை நிறுத்த ஒரு முக்காலியையும், ஏகாம்பரத்தையும் என்னிடம் ஒப்படைத்தார்கள். என் சர்வீஸில் மெஷின் இரண்டு தடவை மாறியது. ஏகாம்பரம் கடைசிவரை மாறவே இல்லை.

ஏகாம்பரம் எங்கள் ஆபீஸின் லஸ்கர். ஏரிக்கரையைக் காப்பதும் மதகைத் திறந்து மூடுவதும் அவர் வேலை. சர்வே என்று வந்தால் ஸ்டாஃப் பிடிப்பார். ஸ்டாஃப் என்பது இரண்டு ஆள் உயரத்துக்கு எண் போட்ட அளவுகோல். அதை நட்டுக்குத்தலாக, ஆடாமல் பிடிக்க வேண்டும். ஏகாம்பரத்துக்கு நாஷ்டா ஆகவில்லை என்றால் ஸ்டாஃப் ஆடும். நாலு இட்லி உள்ளே போய்விட்டால் கோயில் தூண் தோற்றுவிடும். ஆகவே எங்கள் சர்வேயில் முதல் வேலை மெஷினைப் பொருத்துவது அல்ல, இட்லிக்கடையைக் கண்டுபிடிப்பது.

ஏரியை அளப்பது எப்படி என்று கேட்டால் விஷயம் சுலபம், கால்தான் வலிக்கும். ஏரி நிறைந்து, இனிமேல் தாங்காது என்கிறபோது தண்ணீர் தானாக வழிந்து போக ஓர் இடம் கட்டியிருப்பார்கள். அதற்குக் கலங்கல் என்று பெயர். கலங்கல் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் ஏரியின் முழு நீர்மட்டம். மெஷினால் அந்த உயரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஏரியைச் சுற்றி நடந்து, அதே உயரம் தரையில் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் சுண்ணாம்பால் புள்ளி வைத்துப் புள்ளிகளைச் சேர்த்தால் ஏரியின் எல்லைக்கோடு கிடைத்துவிடும். கரை இருக்கும் பக்கம் பிரச்சினையே இல்லை. எதிர்ப்பக்கம், தண்ணீர் வந்து ஏறும் பக்கம்தான் பேஜார். அங்கே தரை தட்டு மாதிரி கிடக்கும். கலங்கலில் ஒரு சாண் கூடினால் அங்கே கோடு நாற்பது தப்படி நகர்ந்துவிடும்.

ஆழம் பார்ப்பது தனிக்கதை. எங்களுக்குப் படகு கிடையாது. லாரி டியூப் இரண்டைக் கட்டி, மேலே ஒரு பலகை. ஏகாம்பரம் துடுப்பு போடுவார். நான் அடிக்கு ஒரு வளையம் பெயிண்ட் அடித்த மூங்கிலை ஊன்றி ஆழத்தைக் கூவுவேன். கரையில் நின்று எங்கள் உதவிப் பொறியாளர் எழுதிக்கொள்வார். ஒரு நாள் மூங்கில் சேற்றில் மாட்டிக்கொண்டது. நான் மூங்கிலை விடவில்லை, டியூப் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. தொபுக்கடீர்!

கரையிலிருந்து நிதானமாக ஒரு குரல் கேட்டது. "சபாபதி சார், கால் தரையில பட்டுதா?"

"பட்டுது மேடம்."

"தண்ணி எது வரைக்கும் இருக்கு?"

"கழுத்து வரைக்கும் மேடம்."

"அப்ப நாலே முக்கால் அடி. எழுதிக்கிட்டேன். மேல வாங்க."

அவர்தான் கற்பகம் மேடம். என் கடைசி நாலு வருஷத்துக்கு அவர்தான் மேலதிகாரி. என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவர். நான் பார்த்த மற்ற அதிகாரிகள் எல்லாம் கத்துவார்கள். கத்துகிற அதிகாரியைச் சமாளிப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. காதை மூடிக்கொண்டால் போயிற்று. இவர் கத்தவே மாட்டார், கேள்வி கேட்பார். வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன் லெவல் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லி, ஒவ்வொரு எண்ணையும் என்னை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். அவர் பென்சிலால் கூட்டிக் கழித்துக்கொண்டே வருவார். எங்கேயாவது என் குரல் லேசாக இறங்கினால் போதும், "அத மறுபடியும் படிங்க" என்பார். நான் தப்பு செய்த இடத்தில்தான் என் குரல் இறங்கும் என்பது எனக்கே அவர் சொல்லித்தான் தெரிந்தது.

இன்னொன்றும் செய்தார். லெவல் புத்தகத்தின் கடைசிப் பத்தியில் 'குறிப்பு' என்று அச்சடித்திருக்கும். அதை அடித்துவிட்டு 'யார் சொன்னது?' என்று எழுதிவிட்டார். மதகுக் கல்லில் ஸ்டாஃப் வைத்தால், இது பழைய மதகுதான் என்று ஊரில் யார் சொன்னார்கள் என்று பெயர் எழுத வேண்டும். எனக்கு எரிச்சலான எரிச்சல். முப்பது வருஷமாக ஏரிகளோடு குப்பை கொட்டுகிறேன், எது மதகு, எது கலங்கல் என்று எனக்குத் தெரியாதா?

"மெஷின் உயரத்தத்தான் சார் சொல்லும்" என்றார் மேடம். "எதோட உயரம்னு அங்க இருக்கறவங்கதான் சொல்லணும்."

சரி மேடம் என்று தலையாட்டிவிட்டு, பாதி இடங்களில் 'ஏகாம்பரம்' என்று எழுதி நிரப்பினேன். ஏகாம்பரத்துக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

நான் ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தபோது அந்த வேலை வந்தது. ஏரிகளின் எல்லையை அளந்து, உள்ளே இருக்கும் ஆக்கிரமிப்புகளைப் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தோம். கடைசியில் ஒரு சின்ன ஏரி. ஊர்ப் பெயரை எழுதவில்லை, அங்கே இருக்கிற யாருக்கும் என்னால் இன்னொரு தொல்லை வேண்டாம். உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அந்த ஏரியின் பழைய பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தது. அதனால் கலங்கலை நேரில் பார்த்து அளப்பதுதான் ஒரே வழி.

கலங்கலில் மூன்று இடத்தில் ஸ்டாஃப் வைத்தோம். முதல் இடத்தில் ஒன்று புள்ளி நான்கு ஒன்று ஐந்து மீட்டர். இரண்டாவது இடத்திலும் அதே. மூன்றாவது இடத்திலும் அதே! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏகாம்பரம், இன்னிக்கு இட்லி நல்லா வேலை செய்யுதுய்யா" என்றேன். இதை எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன். எத்தனையோ வருஷம் வெள்ளம் பாய்ந்த பழைய கலங்கல் ஒன்று மூன்று இடத்திலும் ஒரே எண் காட்டுமா? கல் தேய்ந்திருக்க வேண்டாமா, ஒரு பக்கம் இறங்கியிருக்க வேண்டாமா? முப்பது வருஷ அனுபவம் அன்று எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

அந்த மட்டத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனோம். சுண்ணாம்புக் கோடு கருவேல மரங்களைத் தாண்டியது, மேட்டில் ஏறியது, நேராகக் காலனிக்குள் போய்விட்டது. பத்தொன்பது வீடுகள் கோட்டுக்கு உள்ளே வந்தன. கோடு கடைசியாக ஒரு வீட்டின் பின்பக்கம், அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் போனது.

அந்த வீட்டுக்காரர் எஸ்தர். நாற்பது வயதிருக்கும். நடவு, களையெடுப்பு, சித்தாள் வேலை என்று எது கிடைக்கிறதோ அதற்குப் போகிறவர். அவர் கணவருக்குச் செங்கல் சூளையில் வேலை. எஸ்தர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார், எங்க வூட்டுக்குப் பின்னால கோலம் போட்டுக்கினு கீறீங்க?"

"ஏரி எல்லைம்மா. இதுக்கு உள்ள இருக்கறது ஏரி."

"அப்ப என் அடுப்பு ஏரிக்குள்ள கீதா?"

"அப்படித்தான் வருது."

"எங்க மாமியா காலத்துலேர்ந்து கீறோம். பெரிய பெரிய மழயெல்லாம் பாத்துட்டோம். ஒரு தபா கூட இங்க தண்ணி வந்ததில்ல சார்."

எல்லா ஏரியிலும் எல்லோரும் சொல்வது இதுதான். நான் தலையாட்டிக்கொண்டே பெயரை எழுதிக்கொண்டேன். எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுத முடியாது என்று அந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். பத்தொன்பது பெயர் கொண்ட பட்டியல் மேலே போனது. நோட்டீஸ் தயாராகிறது என்று தகவலும் வந்தது.

வரைபடத்தில் கையெழுத்து வாங்கப் போனேன். மேடம் வழக்கம்போல் படிக்கச் சொன்னார். கலங்கலின் எண்களை நான் கம்பீரமாகத்தான் படித்தேன். குரல் இறங்கவில்லை. அவர் கடைசிப் பத்தியில் விரலை வைத்தார். அது காலியாக இருந்தது. அன்றைய சந்தோஷத்தில் ஏகாம்பரத்தின் பெயரைக்கூட எழுத மறந்திருந்தேன்.

"இது கலங்கல்தான்னு யார் சார் சொன்னது?"

"பாத்தாலே தெரியுது மேடம்."

"பத்தொம்பது வீடு சார். யாரையாவது ஒருத்தரக் கேட்டுட்டு வந்துருங்களேன்."

நான் முணுமுணுத்துக்கொண்டே மறுநாள் பஸ் ஏறினேன். அந்த வெயிலில், ஒரு பெயருக்காக! முதலில் பாசனச் சங்கத் தலைவர் துரைசாமியைப் பார்த்தேன். ஏரிக்குக் கீழே அவருக்கும் அவர் பங்காளிகளுக்கும்தான் நிலம் அதிகம். நல்ல மனிதர், மோர் கொடுத்தார். கலங்கலைப் பற்றிக் கேட்டதும், "அது ஆதிகாலத்துலேர்ந்து அப்படியேதான் கீது சார்" என்றவர், உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தேவை ஒரு பெயர், கிடைத்துவிட்டது என்று கிளம்பினேன்.

கரைமேல் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எஸ்தரும் இருந்தார். என்னைப் பார்த்ததும், "தோ வந்துட்டாரு கோலக்காரரு" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னா சார், இன்னும் எத்தினி வூடு வேணும்?" என்றார் எஸ்தர்.

"வூடு வேணாம்மா. இந்தக் கலங்கலப் பத்திக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். பழைய கலங்கல்தானே?"

"பழசுதான். மேல பூசினது நாங்க."

"நாங்கன்னா?"

"நாங்கதான். பன்னெண்டு பேரு கலவ சொமந்தோம். நாலு வருசம் ஆச்சு. அந்தக் குத்துக்கல்லுங்க சந்துல ஜல்லியப் போட்டு ரொப்பி, கல்லு தல தெரியாம மட்டமா பூசச் சொன்னாங்க. மேஸ்திரி ரசமட்டம் வெச்சி வெச்சிப் பாத்தாரு. நல்லா கீதா சார் வேல?"

எனக்கு உச்சந்தலையில் வெயில் சுட்டது அப்போதுதான் தெரிந்தது. எங்கள் பக்கத்துப் பழைய கலங்கல்களில் முழங்கால் உயரத்துக்குக் குத்துக்கற்கள் வரிசையாக நிற்கும். மழைக்காலத்தில் கற்களுக்கு நடுவில் இருக்கும் சந்து வழியாகத் தண்ணீர் வழிந்து போகும். மழை ஓய்ந்து தை பிறந்ததும், மிச்சத் தண்ணீரைச் சேர்த்து வைக்க அந்தச் சந்துகளில் புல்லும் மண்ணும் வைத்து அடைப்பார்கள். அடுத்த மழைக்கு முன்னால் பிடுங்கிவிடுவார்கள். ஏரியின் உண்மையான மட்டம் சந்தின் அடித்தளம். இவர்கள் சிமென்ட் போட்டு ஒரேயடியாக அடைத்துவிட்டார்கள். நான் போய் அந்த சிமென்ட்டின் தலையில் ஸ்டாஃபை வைத்து, மூன்று இடத்திலும் ஒரே எண் என்று குதித்திருக்கிறேன்.

இரண்டடி. எதிர்ப்பக்கத் தட்டையில் இரண்டடி என்றால் நூறு தப்படிக்குக் குறையாது. எஸ்தர் வீட்டுக்குத் தண்ணீர் வந்ததே இல்லை என்பது சத்தியமான உண்மை. பூசிய பிறகு நாலு வருஷமாக ஏரி நிறையவில்லை, அதனால் தப்பித்தார்கள். நல்ல மழை ஒன்று பெய்தால் நோட்டீஸே தேவையில்லை, தண்ணீரே காலி பண்ணிவிடும். தன் வீட்டுக்குள் தண்ணீரைக் கொண்டுவரும் சுவருக்குத் தானே கலவை சுமந்திருக்கிறார், அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். திரும்பித் தன் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"அப்ப எங்க வூடு தப்பிச்சிடுமா சார்?"

"பூச்ச ஒடச்சுப் பாத்து, நீங்க சொன்னது சரின்னா தப்பிச்சிடும். யார் சொன்னதுன்னு புத்தகத்துல உங்க பேர எழுதிக்கிறேன்."

"ஐயய்யோ, எம் பேரு வாணாம் சார்!" என்று பதறினார். "அவங்க நெலத்துலதான் நடவுக்குப் போறோம். நான்தான் காட்டிக் குடுத்தேன்னு தெரிஞ்சா அப்பறம் யாரு கூப்புடுவாங்க? வூடு இருந்து இன்னா, வேல வாணாமா?"

எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்று சாயந்திரமே மேடத்திடம் போய், "என் தப்பு மேடம், பட்டியலை நிறுத்தணும்" என்றேன். ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கும்போது இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு நாக்கு உலர்ந்தது. மெமோ வருமே, பென்ஷன் ஃபைலில் ஏறுமே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டேதான் வந்தேன். மேடம் திட்டியிருந்தால் தேவலை. "காலைல எட்டு மணிக்கு அங்க இருப்போம் சார். கடப்பாரை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

காலையில் ஏகாம்பரம் கடப்பாரையை ஓங்கியதுதான் தாமதம், துரைசாமி பத்துப் பேரோடு வந்துவிட்டார். நேற்று மோர் கொடுத்த முகம் இல்லை அது.

"யாரக் கேட்டு சார் கை வெக்கறீங்க? எங்க சங்கம் செலவு பண்ணிக் கட்டினது!"

"ஆதிகாலத்துலேர்ந்து அப்படியே இருக்குன்னீங்களே?" என்றேன். மனிதர் துண்டை உதறித் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். எனக்கு அதில் ஓர் அற்ப திருப்தி, மறைப்பானேன்.

மேடம் அவரிடமும் என்னிடம் பேசுகிற அதே குரலில்தான் பேசினார். "எதுக்குங்க அடைச்சீங்க?"

"கடமடயில நாப்பது ஏக்கரா காயுது மேடம். கதிரு வர்ற நேரத்துல தண்ணி பத்தல. ரெண்டடி நின்னா ஒரு தண்ணி கூட பாயும். எங்க வயித்துப் பாடு, அதுல இன்னா தப்பு?"

"உங்களுக்கு ரெண்டடி தண்ணி வேணும், அவ்வளவுதானே? மேல ஏத்தாம உள்ள தோண்டி எடுத்துக்கலாம். தூர்வார நான் எஸ்டிமேட் போடறேன். இத இப்படியே விட்டா பத்தொம்பது வீட்டுக்குள்ள தண்ணி போகும். அது உங்களுக்கும் வேணாம்னுதான் நினைக்கறேன்."

துரைசாமி ஒதுங்கி நின்றார். ஏகாம்பரம் குத்தினார். பூச்சு பெயர்ந்தது. உள்ளே கருங்கல் ஒன்றின் தலை தெரிந்தது. ஜல்லியை வாரி எடுக்க எடுக்கச் சந்து கீழே கீழே போனது. கடைசியில் தேய்ந்து வழவழவென்று ஒரு தளம் வந்தது. ஸ்டாஃபை அதில் வைத்தோம். இரண்டு புள்ளி பூஜ்யம் இரண்டு மீட்டர். ஸ்டாஃபில் எண் கூடினால் இடம் அவ்வளவு பள்ளம் என்று அர்த்தம். மேடம் மறுபடியும் படிக்கச் சொன்னார். அதே எண். என் கோடு சரியாக இரண்டடி பொய்.

மேடம் புத்தகத்தைத் திறந்தார். கடைசிப் பத்திக்கு வந்ததும் நிமிர்ந்தார். "யார் சொன்னது சார்?"

துரைசாமியும் பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். கரைமேல் வேலை செய்துகொண்டிருந்த பெண்களும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள்.

"யாரும் சொல்லல மேடம். நானாதான் கண்டுபிடிச்சேன். பூச்சுல ஒரு விரிசல் இருந்துது."

"எந்த எடத்துல?"

நான் பூச்சை மேலும் கீழும் பார்த்தேன். மேஸ்திரி பாவி, ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லாமல் பூசி வைத்திருந்தான். "இங்கதான் எங்கயோ..." என்றேன். என் குரல் இறங்கியது எனக்கே கேட்டது.

கரைமேலிருந்து எஸ்தர் கூடையைக் கீழே போட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"சாருக்குப் பொய் சொல்ல வரல மேடம், பாவம், வுட்டுருங்க" என்றார். "நான்தான் சொன்னேன். கல்லு சந்துல ஜல்லி கொட்டினவ நான். எம் பேரு எஸ்தர். எழுதிக்கோங்க." பிறகு துரைசாமி பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எதிரா சொல்லல தலைவரே. என் வூட்டுக்காகச் சொன்னேன். உங்க வூட்டுக்குத் தண்ணி வந்தா நீங்க சும்மா இருப்பீங்களா?"

மேடம் பெயரை எழுதி, புத்தகத்தை எஸ்தரிடம் நீட்டினார். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். எட்டு மாதத்தில் வீட்டுக்குப் போகப்போகிற நான் மெமோவுக்குப் பயந்து உலர்ந்துபோய்க் கிடந்தேன். அன்றாடம் அந்த நிலத்தில் வேலைக்குப் போக வேண்டிய அந்த அம்மா பயத்தை வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பத்தொன்பது பெயரும் பட்டியலிலிருந்து நீங்கின. கோட்டை நூற்றுப் பத்துத் தப்படி கீழே தள்ளிப் புதிதாகப் போட்டு, கல்லும் நட்டோம். எனக்கு மெமோ வந்தது. 'ஆமாம், தவறுதான்' என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அதற்குமேல் அவர்களுக்கும் என்ன கேட்பதென்று தெரியவில்லை போல, விஷயம் அத்தோடு முடிந்தது. எஸ்தரை அந்தப் பருவத்தில் நடவுக்குக் கூப்பிடவில்லை. அவரோடு கலவை சுமந்த மற்ற பதினோரு பேரும், அவர் இல்லாமல் நாங்களும் வரவில்லை என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நாலு நாள் துரைசாமி முறைத்துக்கொண்டு இருந்தார். நாற்று காத்திருக்குமா? ஐந்தாம் நாள் அவரே டிராக்டரைக் காலனி முனையில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார் என்று ஏகாம்பரம் வந்து சொன்னார். மறுவருஷம் கோடையில் தூர்வாரலும் நடந்தது.

நான் ஓய்வு பெற்று, இரண்டாவது மழைக்காலத்தில்தான் அந்த ஏரி நிறைந்தது. செய்தி கேட்டதும் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். கலங்கலில் குத்துக்கற்களுக்கு நடுவில் தண்ணீர் புகுந்து புகுந்து வழிந்தது, என்ன இரைச்சல்! சுற்றிக்கொண்டு காலனிப் பக்கம் போனேன். தண்ணீர் சரியாக நான் நட்ட கல்லின் அடியைத் தொட்டுக்கொண்டு நின்றிருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. யாராவது பார்த்துப் பாராட்ட மாட்டார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன்.

எஸ்தர் வாசலில் நின்று தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்களப் பாக்க வந்தீங்களா, தண்ணியப் பாக்க வந்தீங்களா?"

"என் கோட்டப் பாக்க வந்தேன். எப்படி நிக்குது பாத்தீங்களா?"

"காலைலேர்ந்து அத்ததான் பாத்துக்கினு கீறேன். உள்ள வாங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

உள்ளே போய் உட்கார்ந்தேன். டீ கொதிக்கும் வாசனை வந்தது, டீ வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மூலையில் பழைய புடவையில் கட்டிய மூன்று பெரிய மூட்டைகள் இருந்தன. எஸ்தர் ஒரு மூட்டையின் முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது.

"எங்கயாவது ஊருக்குக் கெளம்பறீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க கெளம்பறது? டம்ளர் இத்துக்குள்ள கீது சார். நீங்க மொதல்ல கோடு போட்டுட்டுப் போன அன்னிக்குக் கட்டி வெச்சது. எங்களுக்கு வேண்டியது ரெண்டு மட்டும் வெளியில வெச்சிக்கினோம்."

"அதான் அந்தக் கோட்ட அழிச்சு வேற கோடு போட்டேனே! கல்லு நட்டேனே!"

"அதுவும் நீங்க போட்டதுதானே சார்" என்றார் எஸ்தர். கோபமே இல்லை அந்தக் குரலில். "தண்ணி வந்து நிக்கட்டும், கண்ணால பாத்துட்டு அவுக்கலாம்னு இருந்தேன்."

இரண்டு வருஷத்துக்கு மேலாக அந்த மூட்டைகள் அப்படியே இருந்திருக்கின்றன. இரண்டு பொங்கல், இரண்டு கிறிஸ்துமஸ். வெட்கமாக இருந்தது. நான் கோட்டை மாற்றிய அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கியவன்.

முடிச்சு அவிழ்ந்தது. ஒரு டம்ளரை எடுத்துக் கழுவி, டீயை ஊற்றி, "சக்கர போடலாமா சார்?" என்று கேட்டார். எனக்குச் சுகர் இருக்கிறது. "நல்லாவே போடும்மா" என்றேன்.

நான் ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் அடுத்த மூட்டையை இழுத்துப் போட்டார். குண்டான், கரண்டி, தட்டு, கல்யாணத்துக்குக் கொடுத்த பித்தளைக் குடம் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அலமாரியில் அடுக்கினார். டம்ளரை நான் கீழே வைப்பதற்குள் மூன்று மூட்டையும் அவிழ்ந்துவிட்டது.